பதினொரு வலையும் ஒரு டோக்கனும்

ஒரு காட்டில் ஒரு கீரி இருந்தது. காடு என்றால் மரம் தேட வேண்டாம். கடலோரத்துத் தேரிக்காடு. பேரில்தான் காடு. நாலு உடைமரம், ஒரு தாழம்புதர், மணலைப் பிடித்துக்கொண்டு படரும் அடும்பங்கொடி. மீதியெல்லாம் மணல்மேடு. இன்றைக்கு இங்கே குவித்ததைக் காற்று நாளைக்கு அங்கே குவிக்கும். அதற்கு வேறு வேலை இல்லை.

கீரியின் பெயர் ஊய்க்காட்டான். வேலை, முயல் விரட்டுவது. முதலாளி ஒரு நரி. அதன் பெயர் பலவேசம்.

தொழில் இப்படி. முயல்கள் மணல்மேட்டுக்குள் வளை தோண்டி இருக்கும். ஒரு வளைக்குப் பல வாசல். நரி ஒவ்வொரு வாசலிலும் ஒரு வலையை விரித்து முளைக்குச்சி அடிக்கும். பிறகு ஒரு வலையைத் தூக்கிக் கீரியை உள்ளே விடும். கீரியைக் கண்ட முயல் நிற்காது. கிட்டத்தில் எந்த வாசலோ அதில் பாயும். வலை சுருக்குப்பை மாதிரி மூடிக்கொள்ளும். நரி தூக்கிக்கொள்ளும். முடிந்தது.

சொல்வது லேசு. தொழிலில் கட்டுப்பாடு உண்டு. வேலைக்குப் போகிற கீரிக்குக் காலையில் சாப்பாடு கிடையாது. வயிறு நிறைந்தால் உள்ளே போய்ப் படுத்துவிடும். அதன் வாயைச் சுற்றிப் பனைநாரால் ஒரு பூட்டு. இல்லாவிட்டால் உள்ளேயே ஒரு முயலைத் தின்றுவிட்டுப் படுத்துவிடும். முனகலாம், பேசலாம், கடிக்க முடியாது. எப்படிப் பார்த்தாலும் கீரி படுத்துவிடும் என்பதுதான் இந்தத் தொழிலின் கவலை.

இன்னொன்று. வலை விரித்தபின் மேலே யாரும் பேசக் கூடாது. இருமக் கூடாது. சத்தம் மணல் வழியே இறங்கினால் முயல் சுதாரித்துவிடும். இதில் பலவேசம் மகா கண்டிப்பு. மற்ற நேரம் வாய் ஓயாது. வலை விரித்தால் ஊமை.

ஊய்க்காட்டானுக்கு இந்த வேலையில் ஆறு வருஷம். அதற்கு முன்னால் ஒரு பாம்பாட்டியிடம் இருந்தது. இப்போது பாம்பு எதிரே வந்தால் கீரியே ஒதுங்கி வழி விடும். வயசு அப்படி. அதற்கு இருந்ததெல்லாம் நரி கொடுத்த பனையோலைப் பெட்டி, உள்ளே ஒரு சாக்கு, வேலை முடிந்தபின் ஒரு முட்டை. அதுவும் போகிற மாதிரி இருந்தது.

காரணம் மிக்கேல். மிக்கேல் ஒரு காகம். துறைமுகப் பக்கத்திலிருந்து சாமான் கொண்டுவந்து விற்கிற ஏஜென்ட். முதல் நாள் வந்து நரியிடம் ஒரு படம் காட்டியது. நாலு சக்கரம் வைத்த சின்ன வண்டி. முன்னால் விளக்கு, கேமரா, ஒரு ஹாரன்.

"இதைப் பொந்துக்குள்ள விட்டுட்டு நீரு மேல இருந்து திரையில பாக்கலாம் அண்ணாச்சி. ஹாரன் அடிச்சா முயல் தெறிச்சு ஓடும்."

"தீனி?"

"வெயில்ல வச்சாப் போதும்."

"உள்ள போய்ப் படுத்துருமா?"

"படுக்கதுக்கு அதுக்கு முதுகே கிடையாதே."

பலவேசம் திரும்பி ஊய்க்காட்டானைப் பார்த்தது. கீரியின் மீசை நரைத்திருந்தது. பார்த்துவிட்டுக் காகத்திடம், "நாளைச் சாயங்காலம் கொண்டா. ஓட்டிப் பாப்போம்" என்றது. காகம் போனபின் கீரியிடம் சொன்னது இவ்வளவுதான்:

"ஏல, நாளைக்கு ஒரு முயலாவது வெளிய வரணும். வரலைன்னா பெட்டியில வண்டி இருக்கும். நீ இருக்க மாட்டே."

மறுநாள் காலை. பெரிய மணல்மேடு. நரி சுற்றிவந்து தடம் பார்த்தது. மணலில் முயல் கால்தடம் நூற்றுக்கணக்கில். எல்லாம் உள்ளே போன தடம். வெளியே வந்த தடம் ஒன்றுகூட இல்லை. நரி நாக்கைச் சப்புக்கொட்டியது. இவ்வளவு முயலும் உள்ளே போய் ஏன் திரும்பவில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

வாசல் எண்ணியது. பதினொன்று. பதினொரு வலை விரித்து, பதினொரு முளை அடித்து, காற்று முகத்தில் அடிக்கும்படி தாழம்புதரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தது. காற்று எதிரே வந்தால்தான் முயல் வாசம் தனக்கு வரும், தன் வாசம் முயலுக்குப் போகாது. அப்பன் காலத்துப் பாடம். கண்ணால் சைகை காட்டியது. ஊய்க்காட்டான் உள்ளே இறங்கியது.

வழக்கமாக இறங்கியவுடன் ஒரு முயல் பின்னங்காலால் தரையை அடிக்கும். பிறகு தடதடவென்று ஓட்டம். இன்றைக்கு அந்தச் சத்தம் இல்லை. ஏதோ முணுமுணுப்பு. ஊய்க்காட்டான் வளைந்து வளைந்து போய் ஒரு பெரிய கூடத்தில் தலையை நீட்டியது.

முயல்கள். அறுபது எழுபது இருக்கும். நாலு மடிப்பாக வரிசை. ஒவ்வொன்றின் கையிலும் ஒரு துண்டுச் சீட்டு. எதிரே ஒரு பலகை மேஜை. மேஜைக்குப் பின்னால் மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட ஒரு கிழட்டுப் பெண் முயல். சுவரில் ஒரு பலகை: 'வரிசையில் நிற்பவர்களைத் தின்னக் கூடாது.'

ஊய்க்காட்டான் முடியைச் சிலிர்த்துக்கொண்டு தன் முழு மூச்சையும் கூட்டிக் கிறீச்சிட்டது. ஆறு வருஷத்தில் இந்தச் சத்தத்துக்கு நிற்காமல் ஓடிய முயல்களுக்குக் கணக்கில்லை.

வரிசைக் கடைசியில் நின்ற முயல் திரும்பிப் பார்த்தது. "கொஞ்சம் மெதுவா அண்ணாச்சி. நம்பர் கூப்பிடுறது காதுல விழ மாட்டேங்கு."

"நான் கீரி" என்றது ஊய்க்காட்டான்.

"தெரியுது. எனக்குப் பின்னால நில்லுங்க."

"நான் வரிசைக்கு வரலை. விரட்ட வந்திருக்கேன்."

"எல்லாரும் ஒரு சோலியாத்தான் வந்திருக்கோம். நடுவுல புகுந்தா எப்படி?"

முன்னாலிருந்து நாலைந்து குரல்: "யாருல அது நடுவுல புகுறது?"

ஊய்க்காட்டானுக்குக் காதடியில் வேர்த்தது. பாம்பாட்டியிடம் வளர்ந்த உடம்பு. கூட்டம் அதட்டினால் தானாக ஒடுங்கும். குரலைத் தாழ்த்தி, "இல்லைங்க, நீங்க ஓடணும். அதான் வழக்கம்" என்றது.

அந்த முயலின் பெயர் தவசிலிங்கம். தன் சீட்டைக் காட்டியது. "என் நம்பர் எண்பத்தி மூணு. இப்பப் பதினெட்டு நடக்கு. மூணு நாளா நிக்கேன். இப்ப ஓடிட்டு வந்தா மறுபடி கடைசியில நிக்கணும். எனக்காக நீங்க நிப்பீங்களா?"

ஊய்க்காட்டான் சீட்டை எட்டிப் பார்த்தது. நம்பர் சரிதான்.

விஷயம் இதுதான். வளைக்குப் பட்டா வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. முயல்கள் மனுக் கொடுத்தன. மனுவில் வளை எங்கே இருக்கிறது என்று எழுத வேண்டும். எழுதி, முத்திரை விழுவதற்குள் காற்றடித்து மேடு நாலடி தள்ளிப் போய்விடும். இடம் ஒத்துப்போகவில்லை என்று மனு திரும்பும். மறுபடி டோக்கன். இப்படி இரண்டு வருஷம். உள்ளே போன தடம் உண்டு, வெளியே வந்த தடம் இல்லை என்றால் வேறென்ன காரணம்?

அப்படி நின்று நின்று முயல்களுக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. தைரியம் வந்துவிட்டது என்று யாரும் பாராட்ட வேண்டாம். பயப்பட்டால் இடம் போய்விடும். அவ்வளவுதான்.

ஊய்க்காட்டான் கடைசி முயற்சியாகப் பல்லைக் காட்டப் பார்த்தது. நார் இழுத்துப் பிடித்தது.

"பாவம், வாயைக் கட்டி விட்டிருக்காங்க" என்றது ஒரு கர்ப்பிணி முயல். "காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?"

"இல்லை."

"வேலைக்குப் போறவங்களை இப்படியா அனுப்புவாங்க?" என்று ஒரு கோரைக்கிழங்கை நீட்டியது. ஊய்க்காட்டான் கும்பிட்டு மறுத்தது. ஆறு வருஷத்தில், சாப்பிட்டாயா என்று அதனிடம் கேட்ட முதல் ஆள் இதுதான். இதைத்தான் விரட்ட வேண்டும்.

விஷயம் மேஜைக்குப் போயிற்று. கண்ணாடி போட்ட முயலின் பெயர் ஞானசெல்வம். எல்லாரும் மேடம் என்றார்கள்.

"விரட்டுறதுக்கா?" என்றது ஞானசெல்வம், நிமிராமல். "அதுக்குத் தனி கவுண்டர்."

"எங்கன இருக்கு மேடம்?"

ஞானசெல்வம் தன் மேஜையில் 'மூடப்பட்டது' என்ற அட்டையை வைத்தது. எழுந்து இரண்டடி நகர்ந்து பக்கத்து மேஜையில் உட்கார்ந்தது. "சொல்லுங்க."

வரிசை முழுக்க ஒரு பெருமூச்சு. பதினெட்டாம் நம்பர் நெற்றியில் அடித்துக்கொண்டது.

"படிவம் ஒன்பது. இதை நிரப்பிக் கொண்டாங்க. அனுமதி கையில வந்தா விரட்டலாம். எல்லாரும் சட்டப்படி ஓடுவாங்க. ஓடுனவங்க டோக்கனும் செல்லும்."

அப்படியானால் சரி என்றது வரிசை. ஊய்க்காட்டானுக்கும் மனசு ஆறியது. ஒரு காகிதம்தானே. நிரப்பினால் முயல் ஓடும், பெட்டி நிலைக்கும், சாயங்காலம் முட்டை.

எழுத்து தட்டுத்தடுமாறித்தான் வரும் அதற்கு. தவசிலிங்கம் தன் பேனாவை எடுத்துக்கொண்டு படிவத்தை வாங்கியது. வரிசையில் நிற்கிறவன் கையில் பேனா இருந்தால் அடுத்தவன் படிவத்தை நிரப்பாமல் விடமாட்டான்.

"'நோக்கம்'னு கேக்கு. என்ன போட?"

"பிடிச்சுத் தின்ன."

"அப்படிப் பச்சையாப் போட்டா நிக்காது அண்ணாச்சி. 'வாழ்வாதாரம்'னு போடுதேன்."

"போடுங்க."

"அடுத்தது விண்ணப்பதாரர் பெயர். உங்க பேரா, முதலாளி பேரா?"

"கேட்டுட்டு வாரேன்."

"போறதே போறீங்க, இதையும் கேட்டுக்கோங்க. 'வலை விரித்த வாசல்கள் சுமாராக எத்தனை? வரைபடம் இணைக்கவும்.'"

ஊய்க்காட்டான் படிவத்தையும் பேனாவையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேலே ஏறியது. வெளியே தலை நீட்டியதும் வலை சுருங்கியது. நரி ஒரே தாவு. வாயைப் பிளந்துகொண்டு வந்தது, பாதியில் நின்றது. முகம் சுண்டிப்போயிற்று. ஒரு வார்த்தை பேசவில்லை. கீரியைக் காதைப் பிடித்து மேட்டின் அடிவாரம் வரை இழுத்துப்போய், அங்கேதான் வாய் திறந்தது.

"முயல் எங்கல?"

"உள்ள இருக்கு முதலாளி. அறுபது எழுபது."

"பின்னே?"

"வரிசையில நிக்கு."

நரி அதன் முகத்தை உற்றுப் பார்த்தது. "உள்ள போய்ப் படுத்துத் தூங்கி எந்திச்சு வாரியா?"

ஊய்க்காட்டான் படிவத்தை நீட்டி விவரம் சொன்னது. நரி முதலில் காறித் துப்பியது. ஆனால் எழுபது என்ற எண் காதில் நின்றது. காகிதத்தை வாங்கிப் படித்தது.

"விண்ணப்பதாரர் யாரு? நானா? நாளைக்கு ஏதாவது கேசுன்னு வந்தா எவன் அலையுதது? உன் பேரைப் போடு."

"சரி முதலாளி."

"இது என்னல? 'சுமாராக' எத்தனையா?" நரியின் காது விறைத்தது. "முப்பது வருசமா வலை விரிக்கேன். எங்கிட்ட வந்து சுமாராங்கான். குடு அந்தப் பேனாவை."

உட்கார்ந்து வரைந்தது. சும்மா வரையவில்லை. பதினொரு வாசல், ஒவ்வொன்றுக்கும் வலையின் அகலம், முளை எத்தனை விரற்கடை ஆழம், காற்று எந்தத் திசை, தான் எங்கே எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம் என்பது வரை. தன் வால் எந்தப் பக்கம் மடிந்திருக்கும் என்றுகூடப் போட்டது. தொழில் தெரிந்தவனுக்கு இது ஒரு வியாதி. கேட்கிறவன் யார் என்று பார்க்க மாட்டான்.

"காட்டு, போய். படிச்சவங்க பாத்துக் கத்துக்கிடட்டும்."

ஞானசெல்வம் வரைபடத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தது. பிறகு திரும்பி, சுவரில் மாட்டியிருந்த அலுவலகப் படத்தைப் பார்த்தது. மறுபடி இதைப் பார்த்தது. "நல்ல கை உங்க முதலாளிக்கு" என்றது. "கையெழுத்து மட்டும் போட விட்டுட்டார். வாங்கிட்டு வாங்க."

ஊய்க்காட்டானும் சுவரைப் பார்த்தது. அலுவலகப் படத்தில் வாசல் பன்னிரண்டு. எண்ணிப் பார்த்தது. மறுபடி எண்ணியது. பன்னிரண்டாவது, தாழம்புதரின் வேருக்குள் திறக்கிறது. அந்தப் புதரில்தான் நரி முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறது.

 ஒரு வாசல் திறந்திருந்தால் எழுபதும் அதில் போய்விடும். முட்டை போயிற்று, பெட்டி போயிற்று. ஊய்க்காட்டான் படத்தோடு விழுந்தடித்து மேலே ஓடியது. மறுபடி வலை. மறுபடி நரி.

"முதலாளி, பன்னெண்டாவதா ஒரு—"

நரி பாதத்தால் அதன் வாயைப் பொத்தியது. கண் சிவந்திருந்தது. ஒரு தடவை அடிவாரம் வரை இழுத்துப்போயாயிற்று. தினமும் பத்து நடை நடக்க அதற்கென்ன தலையெழுத்தா? வலை விரித்த இடத்தில் பேச்சு இல்லை. இல்லை என்றால் இல்லை. காகிதத்தைப் பிடுங்கி, கையெழுத்து இல்லாததைப் பார்த்துப் போட்டது.

ஊய்க்காட்டான் கையைக் காட்டியது. நரியின் முதுகுக்குப் பின்னால், பின்னால் என்று காட்டியது.

நரிக்குப் புரிந்துவிட்டது. காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்திலும் ஒரு கையெழுத்துப் போட்டது.

ஊய்க்காட்டான் தலையை ஆட்டி, தாழம்புதரைக் காட்டியது. நரி புதரிலிருந்து ஒரு ஓலையைக் கிள்ளி, காகிதம் பறக்காமல் அதைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தது. பிறகு வளையைக் காட்டியது. போ என்று அர்த்தம்.

போயிற்று. வேறென்ன செய்யும்?

உள்ளே ஞானசெல்வம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தது. அதில் குறை சொல்ல முடியாது. ஊய்க்காட்டானை நிறுத்திப் போட்டோ எடுத்தது.

"இந்த வாய்ப்பூட்டைக் கழட்டிரட்டுமா மேடம்?"

"வேண்டாம். ஆனா இனிமே எப்ப வந்தாலும் இதே மாதிரி வரணும். படமும் ஆளும் ஒத்துப்போகணும்." கைரேகை மெஷினை நீட்டியது. "கையை வைங்க."

விழவில்லை. மணல் பறித்துப் பறித்துத் தேய்ந்த பாதம்.

"தலையில தேச்சிட்டு வைங்க" என்று வரிசையில் பத்து குரல் ஒன்றாகச் சொன்னது. தேய்த்து வைத்தது. நாலாவது தடவை விழுந்தது. வரிசையில் கைதட்டல்.

ஞானசெல்வம் முத்திரை குத்திக் கையில் கொடுத்தது. 'இந்த வளையில் உள்ள முயல்களை விரட்ட ஊய்க்காட்டான் என்பவருக்கு அனுமதி அளிக்கப்படுகிறது. வேறு எவருக்கும் மாற்றத்தக்கதல்ல.' பிறகு எழுந்து நின்று தொண்டையைச் செருமியது.

"எல்லாரும் கவனிங்க. மேடு நகர்ந்துபோனதுனால ஆபீஸ் அடுத்த மேட்டுக்கு மாறுது. டோக்கன் செல்லும். வரிசை கலையாம பன்னெண்டாம் வாசல் வழியாப் போங்க. யாரும் பேசக் கூடாது."

"இப்பத்தான் உக்காந்தேன்" என்று ஒரு முயல் முனகியது. மற்றபடி ஒரு சத்தமில்லை. பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று நம்பர்படி நகர்ந்தன. கர்ப்பிணி முயலுக்கு முன்னால் இடம் விட்டார்கள். தவசிலிங்கம் போகும்போது பேனாவைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டது.

"மேடம், வெளிய என் முதலாளி இருக்காரே" என்றது ஊய்க்காட்டான். எச்சரிக்கையா, கெஞ்சலா என்று அதற்கே தெரியவில்லை.

"இருக்கார். அந்தப் பக்கம் பாத்து. காத்துக்கு எதிரா." ஞானசெல்வம் முத்திரையையும் மை டப்பாவையும் இடுப்பில் செருகிக்கொண்டது. "முதுகுப் பக்கத்து வாசம் அவருக்கு எட்டாது. படத்துல விவரமாப் போட்டிருக்கார்." வரிசையின் கடைசியில் போய் நின்றது. அதுவும் போய்விட்டது.

கூடம் காலி. சுவரில் பலகை மட்டும்.

ஊய்க்காட்டான் கையிலிருந்த அனுமதியைப் பார்த்தது. இந்த வளையில் உள்ள முயல்கள் என்று தெளிவாக இருந்தது. அது வேலைக்காரன். பட்டினி வயிறோடு, காகிதத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மூலை மூலையாக ஓடி முறைப்படி கிறீச்சிட்டது. சட்டப்படி அது செய்த முதல் விரட்டல். பிறகு வெளியே வந்தது. வலை சுருங்கியது.

நரி பிடித்துத் தூக்கியது. மூன்றாவது தடவையும் கீரி. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. தாழம்புதருக்கு மேலே ஒரு சிறகடிப்பு. மிக்கேல் வண்டியோடு வந்து இறங்கியது.

"என்ன அண்ணாச்சி, அத்தனை முயலையும் விட்டுட்டீரே. உம்ம முதுகுக்குப் பின்னால வரிசையாப் போச்சு. சப்பரம் போற மாதிரி. மேல இருந்து பாத்துக்கிட்டே வந்தேன்."

நரி மெதுவாகத் திரும்பிப் பார்த்தது. புதருக்குப் பின்னால் மணலில் கால்தடம். ஒரே நேர்கோடு. அடுத்த மேடுவரை.

"பாத்துக்கிட்டே வந்தியா? ஒரு சத்தம் குடுக்கக் கூடாது?"

"வலை விரிச்ச இடத்துல பேசக் கூடாதும்பீரே."

பலவேசம் காகத்தை ஒன்றும் செய்ய முடியாது. அது பறந்துவிடும். கீரியைப் பார்த்தது. "பெட்டியைக் காலி பண்ணுல."

 ஊய்க்காட்டான் அனுமதியை நரியின் காலடியில் வைத்துவிட்டுப் பெட்டியிருந்த உடைமரத்தடிக்குப் போயிற்று. சாக்கை வெளியே இழுத்து உதறியது. ஆறு வருஷத்து முட்டை ஓடு கொட்டியது. 

அதற்குள் காகம் வண்டியை அடுத்த மேட்டுக்குள் விட்டிருந்தது. விளக்கு எரிய, ஹாரன் அடித்துக்கொண்டு வண்டி போயிற்று. சற்று நேரத்தில் பின்பக்கமாகவே வெளியே வந்தது. கேமரா மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'விண்ணப்பதாரர் நேரில் வரவும். இவருக்குக் கைரேகை விழவில்லை.'

"மறுபடி விடு" என்றது நரி.

விட்டது. இந்தத் தடவை வண்டி வரவில்லை. இரண்டும் திரையைக் குனிந்து பார்த்தன. திரை முழுக்க ஒரு முயலின் பின்பக்கம் தெரிந்தது. வெகுநேரம் அதுவே தெரிந்தது. எப்போதாவது அரையடி முன்னால் நகர்ந்தது. முன்னாலிருந்து யாரோ, "அந்த விளக்கை அணைங்கப்பா, கண்ணு கூசுது" என்பது கேட்டது. விளக்கு அணைந்தது. பிறகு சார்ஜ் தீர்ந்து திரையும் அணைந்தது.

"வரிசையில நிக்குது" என்றது நரி.

"நல்ல மெஷின் அண்ணாச்சி" என்றது காகம். "எங்க விட்டாலும் நிக்கும்."

நரி காலடியில் கிடந்த அனுமதியை எடுத்தது. மணலைத் தட்டிப் படித்தது. ஊய்க்காட்டான் என்பவருக்கு. வேறு எவருக்கும் மாற்றத்தக்கதல்ல. உன் பேரைப் போடு என்று சொன்ன வாயைப் பாதத்தால் தடவிக்கொண்டது. மடித்து மார்போடு வைத்துக்கொண்டு உடைமரத்தடிக்கு நடந்தது.

ஊய்க்காட்டான் சாக்கைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டிருந்தது.

"எங்க கிளம்பிட்டீரு?" என்றது நரி. 'ஏல' போய் 'நீரு' வந்திருந்தது.

"நீங்கதானே காலி பண்ணச் சொன்னீங்க."

"அது ஒரு பேச்சுக்குச் சொல்லுதது. சாக்கை உள்ள போடும். நாளைக்கு அந்த மேட்டுக்கு அனுமதியை மாத்தி வாங்கணும்லா. நீரு போகாம வேற யாரு போவா?"

ஊய்க்காட்டான் சாக்கை இறக்கவில்லை. ஆறு வருஷத்தில் கேட்காத ஒன்றைக் கேட்டது. "வரிசை நீளம் முதலாளி. காலையிலயே முட்டை வேணும்."

"சாப்பிட்டா உள்ள போய்ப் படுத்துருவீரே."

"வரிசையில படுக்க விடமாட்டாங்க."

நரி யோசித்தது. யோசிக்க அதிகமாக ஒன்றும் இல்லை.

இப்போது தினமும் காலையில் ஊய்க்காட்டான் முட்டை சாப்பிட்டு ஏப்பம் விட்டு, தானே வாய்ப்பூட்டை எடுத்துக் கட்டிக்கொண்டு, காகிதத்தோடு உள்ளே இறங்குகிறது. தவசிலிங்கத்துக்கும் அந்த வண்டிக்கும் நடுவில் அதற்கு ஒரு நிரந்தர இடம். ஊர்க்கதை பேசுகிறார்கள். கர்ப்பிணி முயல் ஐந்து குட்டி போட்டுவிட்டது. ஐந்துக்கும் டோக்கன் எடுத்தாயிற்று. அனுமதியில் முத்திரை விழும் அன்றைக்கு மேடு நகர்ந்திருக்கும். மறுபடி முதலிலிருந்து.

மேலே பலவேசம் பன்னிரண்டு வலை விரித்து, காற்றுக்கு எதிரே பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. பசித்தால் கடற்கரைக்குப் போய் நண்டு பிடித்துத் தின்கிறது. நண்டுக்கு அனுமதி வேண்டும் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்து நரிகள் வேட்டை எப்படி என்று கேட்டால், "எல்லாம் முறைப்படி நடக்கு" என்கிறது. அதைச் சொல்லும்போது அதன் முகத்தில் ஒரு பெருமைகூடத் தெரிகிறது.

நீதி: முயல் விரட்டத் தெரிந்தவனுக்கு என்றாவது ஒரு நாள் வேலை போகும். முயல் விரட்ட அனுமதி வைத்திருப்பவனுக்கு, ஒரு முயலும் ஓடாவிட்டாலும், காலையிலேயே முட்டை உண்டு.